முன்வாசல் இட்லிப்பூ ஏன் காய்ந்தது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ரகரமும் றகரமும் எனக்கு எப்போதும் தகராறு. சொல்ல வருவது ஒன்று, கை எழுதுவது ஒன்று. வயசும் ஆகிவிட்டது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது சில நேரம் கலங்கிப்போகிறது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது, அதனால்தான் எழுதுகிறேன். பிழைகளை மாலதி திருத்திக்கொள்ளட்டும். மாலதி உங்கள் சூப்பர்வைசர், தோட்டக்கலை டிப்ளமோ முடித்த பொண்ணு. "பெரிம்மா, செடி வாடினா ஏன்னு எப்படி கண்டுபுடிக்கிறது, புதுசா வந்தவங்களுக்கு எழுதிக் குடுங்க" என்று அவள் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் நடந்ததற்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

போன வாரம் என் பேரன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க, ரிடையர் ஆகும்வரை நான் தோட்ட வேலை பார்த்த நம் காலேஜுக்கு வந்திருந்தேன். லேடீஸ் ஹாஸ்டல் எதிரில் ஒரு நந்தியாவட்டை தொங்கிப்போயிருந்தது. நீங்கள் ஐந்தாறு பேர் அதைச் சுற்றி நின்றீர்கள். உங்களில் ஒருத்தி, பெயர் எழுத மாட்டேன், புதுசாக வந்த சின்னப் பொண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாடி, நீ இன்னிக்கு தொடப்பமா?"

எல்லாரும் சிரித்தீர்கள். அந்தப் பொண்ணு ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஷெட் பக்கம் போய்விட்டாள். நான் பத்திரிகையைக் கொடுத்தேன், மாலதி கொடுத்த டீயைக் குடித்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. முதலில் உங்கள் மேல்தான். வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஆத்திரம் திரும்பி என் மேல் வந்து நின்றுகொண்டது. ஏனென்றால் அந்த வார்த்தையை இந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவள் நான்தான். அது எப்படி வந்தது, அதனால் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த நந்தியாவட்டைக்கு என்ன என்று போகிற போக்கில் பார்த்தேன். முழுச் செடியும் தொங்கவில்லை. ஒரு பக்கத்துக் கிளை மட்டும் தொங்கியது, மற்றது பச்சையாக நின்றது. ஒரு கிளை மட்டும் தொங்கினால் அந்தக் கிளையில் தேட வேண்டும். நுனியிலிருந்து கீழே வரை விரலால் தடவிக்கொண்டே போனால் எங்காவது ஒரு சின்னத் துளை, அதன் வாயில் மரத்தூள் இருக்கும். உள்ளே புழு. துளைக்குக் கீழே வெட்டி எடுத்தால் செடி பிழைத்துக்கொள்ளும். தேட வேண்டிய இடம் அதுதான். ஒரு பொண்ணின் பாவாடையில் தேடினீர்களே!

எனக்கு இந்தத் தொழில் பள்ளிக்கூடத்தில் வரவில்லை. அடிபட்டுத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் பின்பக்கத்தில் ஒரு அடுக்குச் செம்பருத்தி இருந்தது. மத்தியானம் பார்த்தால் தொங்கியிருக்கும். ஐயோ பாவம் தாகம் என்று ஒரு பக்கெட் ஊற்றுவேன். அடுத்த நாள் காலையிலும் தொங்கியது. இன்னும் ஒரு பக்கெட். பத்து நாளில் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. அப்போது எங்களுக்கு ஒரு ஹெட் மாலி, தலைமைத் தோட்டக்காரர், இருந்தார். துரைமார் பங்களாத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அவர் வந்து செடியைப் பிடுங்கி வேரை என் மூக்குக்கு நேராக நீட்டினார். சாக்கடை நாற்றம். வேரின் தோலை விரலால் இழுத்தார். வேக வைத்த பாசிப்பயறு தோல் மாதிரி உருவி வந்தது.

"தண்ணில முழுகி செத்ததப் போயி தாகத்துல செத்துதுன்னு சொல்றியே, கண்ணு கீதா இல்லியா உனக்கு?" என்றார்.

அன்றிலிருந்து நான் ஒன்று வைத்துக்கொண்டேன். எங்கள் அப்பா தங்க மைன்ஸில் வேலை செய்தவர். ஸ்கெலட்டன் காலனியில் எங்கள் லைன் வீடுகளில் யாரும் மணி சொல்ல மாட்டார்கள், ஷிப்ட்தான் சொல்வார்கள். செடிக்கும் அதையே வைத்தேன். செகண்ட் ஷிப்ட் ஏறுகிற நேரத்தில், அதாவது ரெண்டு மணி வெயிலில், தொங்கிவிட்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயில் சோர்வு. அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஏறுகிற காலை ஆறு மணிக்கே, பனி காயாத நேரத்திலேயே, தொங்கியிருந்தால் வேரில் ஏதோ ஆகிவிட்டது. உடனே தோண்ட வேண்டும். மத்தியானம் வந்து பார்க்கிறவளுக்கு எல்லாச் செடியும் நோயாளியாகத்தான் தெரியும்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. எந்தச் செடி செத்தாலும் "சயனைடு மேட்டுத் தூசு" என்று கையைக் காட்டிவிடுவார்கள். தங்கம் எடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய மேடு அது, காற்று அடிக்கிற மாதத்தில் அங்கிருந்து தூசு வருவது உண்மைதான். ஆனால் தூசு விழுந்தால் வரிசை பார்த்தா விழும்? இந்த வரிசையைக் கொன்று பக்கத்து வரிசையை எப்படி விட்டுவைக்கும்? சயனைடு மேட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மண்வெட்டியை எடுக்க வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை. சோம்பேறிகள் சொல்கிற பதில் அது. சோம்பேறிகளுக்கு இன்னொரு பதிலும் இருந்தது. அதுதான் பொம்பளை.

வேரை முகரக் கற்றுக்கொடுத்த அந்த ஹெட் மாலிதான் இதையும் சொல்லிக்கொடுத்தார்: "தூரமான பொம்பள பூச்செடியாண்ட போனா செடி கருகிடும். அந்த நாள்ல பாத்தில காலு வைக்காத." ரெண்டையும் ஒரே வாயால் சொன்னார், நான் ரெண்டையும் ஒரே காதால் கேட்டேன். வேர் விஷயம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. தூரம் என்கிற மாதவிலக்கு விஷயம் பார்க்காமலே நம்பியது. இந்த வித்தியாசம் முப்பது வருஷம் எனக்கு உறைக்கவில்லை. அவர் செத்துப்போய்விட்டார், இப்போது திட்டி என்ன. ஆனாலும் திட்டுகிறேன்.

அவருக்குப் பிறகு நான் ஹெட் ஆனேன். காலையில் வேலை பிரிக்கும்போது "யார் யாருக்கு தூரம்" என்று கேட்க வேண்டும். போர்ட்டிகோவில் டிரைவர்கள் நிற்பார்கள், வாட்ச்மேன் நிற்பார். எனக்கு வாய் வராது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். யாருக்கு அந்த நாளோ அவள் ஒன்றும் சொல்ல வேண்டாம், மூலையில் இருக்கிற துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியைப் பெருக்கப் போய்விடலாம், நான் புரிந்துகொள்வேன் என்றேன். கூச்சம் காப்பாற்றப்படுகிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. நாளாக நாளாக "நான் இன்னிக்கு தொடப்பம்", "அவ நாளைக்கு தொடப்பம்" என்று அதுவே பேச்சாகிவிட்டது. இடுப்பு விட்டுப்போகிற நாளில் நாள் முழுக்கக் குனிந்து பெருக்க வைத்திருக்கிறேன் பிள்ளைகளே. அதை நல்லது என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

செல்வி என்று ஒருத்தி எங்களோடு இருந்தாள். வெடுக்கென்று பேசுகிறவள், வேலையில் சுத்தம். அவள் ஒருத்திதான் என்னைக் கேட்டாள்.

"யக்கா, மாமரத்துக்கு கீழதான பெருக்குறேன். அதுக்கு மட்டும் தெரியாதா நான் தூரம்னு? இல்ல, மாமரம் ஆம்பளையா, கண்ண மூடிகிச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "போடி, வேலையப் பாரு" என்றேன். அவள் கேட்டது கேள்வி. எனக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

காலேஜ் முன்வாசலில் ரெண்டு பக்கமும் இட்லிப்பூ வேலி இருந்தது. இப்போது நீங்கள் பார்க்கிறது பிறகு வைத்தது. அப்போது இருந்தது இடுப்பு உயரம், சிவப்பு, ஜமுக்காளம் விரித்த மாதிரி பூக்கும். அந்தப் பகுதி, எங்கள் பேச்சில் ஸ்ட்ரெச், செல்வியினுடைய பொறுப்பு. அவள் மகள் தீபா அதே காலேஜில் பி.காம் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். மகள் கேட்டுக்குள் நுழையும்போது செல்வி பூவுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்பாள். மகள் பார்க்காத மாதிரி போவாள், பார்த்துக்கொண்டுதான் போவாள்.

அந்த வருஷம் தசரா முடிந்து கொஞ்ச நாளில் இட்லிப்பூ இலையின் ஓரம் எல்லாம் இஸ்திரிப்பெட்டி பட்ட மாதிரி பழுப்பானது. பிறகு காலையிலேயே தொங்க ஆரம்பித்தது. காலேஜைப் பார்வையிட வெளியூரிலிருந்து ஒரு கமிட்டி வரப்போகிறது என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்த நேரம். பெயின்ட் அடிக்கிறார்கள், கொடி கட்டுகிறார்கள். தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். கமிட்டி வருகிற நேரத்தில் முன்வாசலில் குழி தோண்டினால் திட்டுவார்களே என்று நான் தோண்டவில்லை. இதுதான் என் முதல் தப்பு.

ஒரு நாள் காலையில் வேலை பிரிக்கும்போது அட்மின் ஆபீசர் போர்ட்டிகோவுக்கு வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஏனம்மா இது? கமிட்டி காரை விட்டு இறங்குனதும் மொதல்ல பாக்குறதே இதைத்தான். செத்த செடியக் காட்டறதா? இங்க யாரு தண்ணி விடறது?"

"நான்தான் சார்" என்றாள் செல்வி. "தினம் விடறேன். ஈரம் பாருங்க." குனிந்து ஒரு பிடி மண் எடுத்து அவர் முன்னாலேயே பிழிந்தாள். தண்ணீர் சொட்டியது.

பிள்ளைகளே, விடை அந்தப் பிடி மண்ணிலேயே இருந்தது. மண்ணில் ஈரம் சொட்டுகிறது, செடி காலையிலேயே தாகத்தில் தொங்குகிறது. ஒன்று வேர் அழுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரிலேயே கோளாறு இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். செம்பருத்தியைக் கொன்று கற்றுக்கொண்டது. நான் மண்ணைப் பார்க்கவில்லை. ஆபீசர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஹெட்டு நீதானே? நீ சொல்லும்மா, எதனால?"

டிரைவர்கள் நின்றார்கள், வாட்ச்மேன் நின்றார், ரெண்டு கிளார்க்குகள் நின்றார்கள். என் மேல் வந்துவிடக் கூடாது என்ற ஒரே பயம்தான் இருந்தது. வாய் திறந்தேன்.

"போன வாரம் தொடப்பத்தன்னிக்கு அவதான் சார் தண்ணி புடிச்சா."

"தொடப்பமா? அது இன்னாது?"

எங்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விளக்கம் சொன்னாள். டிரைவர் ஒருத்தன் "அட்றா" என்று சிரித்தான்.

செல்வி தலை குனியவில்லை. "ஆமா சார், புடிச்சேன். அன்னிக்கு ரெண்டு பேரு லீவு. வேற யாரு புடிப்பா? செடி காஞ்சா அதுக்கும் என்னைத்தான கேப்பீங்க? நான் புடிச்ச அதே ஹோஸுலதான் இவங்களும் மத்த நாள்ல புடிச்சாங்க."

"சேச்சே, இதெல்லாம் இங்க நின்னு பேசுற விஷயமா!" என்று ஆபீசர் காதைப் பொத்தாத குறையாகப் பின்னால் நகர்ந்தார். "நாளையிலிருந்து நீ வர வேணாம்மா."

செல்வி என்னைப் பார்த்தாள். நான் இட்லிப்பூவைப் பார்த்தேன்.

பத்து மணிக்குள் கேன்டீனில் இதுதான் பேச்சு. அடுத்த நாள் தீபா வகுப்புக்குப் போனபோது அவள் பெஞ்சின் மேல் யாரோ ஒரு துடைப்பத்தை வைத்திருந்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் வரவில்லை. ஒரு வேலை போனால் வேறு வேலை தேடலாம். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பிள்ளை படிப்பை விட்டுவிடும் போல ஆயிற்று. வாட்ச்மேன் வந்து இதைச் சொன்னபோது நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டேன்.

செல்வியின் ஸ்ட்ரெச்சை நானே எடுத்துக்கொண்டேன். நாலு நாள் நானே தண்ணீர் விட்டேன். நாலாம் நாள் காலை வந்து பார்த்தால் புதிதாக ஐந்து செடி தொங்கியிருந்தது. எனக்குத் தூரம் நின்று அப்போதே ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் கையிலும் செத்தது. அந்தப் பாத்தி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்வியை வெளியே அனுப்பக் காரணமாக இருந்த ஒன்று என்னிடம் இல்லவே இல்லை, செடி சாகிறது நிற்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு செடி எப்படிச் சொல்லும்?

எழுந்து மண்வெட்டி எடுத்தேன். கமிட்டியாவது மண்ணாவது.

வேர் நாறவில்லை. தோல் உருவவில்லை. அப்படியென்றால் அழுகல் இல்லை. நுனி வேர் எல்லாம் தீயில் பொசுங்கிய முடி மாதிரி சுருண்டு பழுப்பாக இருந்தது. வெயில் பட்ட மண் மேல் வெள்ளையாக ஒரு படிவு, விரலால் தொட்டால் ஒட்டியது. வரிசையின் கடைசியில் ஒரு அரளி, அதே ஹோஸ், அதே தண்ணீர், அது பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தது. வளைவின் மேல் காகிதப்பூவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூரம் இட்லிப்பூவை மட்டும் கொன்று, அரளியையும் காகிதப்பூவையும் விட்டுவைக்குமா? இட்லிப்பூ உப்பு தாங்காது. மற்ற ரெண்டும் தாங்கும். எந்தச் செடி செத்தது என்று பார்க்கிற மாதிரியே எது சாகவில்லை என்றும் பாருங்கள். பாதி விடை அதில்தான் இருக்கும்.

ஹோஸைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்தேன். கரித்தது, பின்னால் கசந்தது. முன்வாசல் குழாயில் எப்போதும் வருவது தொட்டித் தண்ணீர். பேத்தமங்களா ஏரியிலிருந்து வருவதால் எங்கள் ஆட்கள் அதைப் பேத்தமங்களாத் தண்ணி என்றே சொல்வார்கள், இனிக்கும். இது அது இல்லை. துப்பிவிட்டு, பைப் போகிற வழியிலேயே நடந்தேன். கட்டடத்தின் பின்னால், குடிதண்ணீர் ஃபில்டர் ரூமில் போய் நின்றது. பிளம்பர் அங்கே பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, முன்வாசல் பைப்பு இங்கேர்ந்தா வருது?"

"ஆமா யக்கா. நல்ல தண்ணி அந்தாண்ட குடிக்கப் போவும், வேஸ்டு இந்தாண்ட வரும். சும்மா சாக்கடைல போவுதேன்னு அட்மின் சார்தான் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்னாரு. கேட்டாண்ட போர்டு கூட வெச்சிகீறாரு, நீரைச் சேமிப்போம்னு. பாக்கலியா நீ?"

"எப்ப திருப்பின?"

"தசராக்கு முன்னாடி. இன்னா யக்கா, ஃபோர்ஸு நல்லா வருதில்ல?"

"வருதுபா. நல்லா வருது."

நம் ஊர் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே உப்பு. அந்த உப்பைக் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்து, மொத்தமாக இந்தப் பைப்பில் அனுப்புகிறது ஃபில்டர். செல்வி எவ்வளவு அக்கறையாகத் தண்ணீர் விட்டாளோ அவ்வளவு உப்பு இறங்கியது. அவள் சோம்பேறியாக இருந்திருந்தால் செடி இன்னும் பத்து நாள் உயிரோடு இருந்திருக்கும்.

ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஆபீசர் ரூமுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். அவரே பார்த்துக் கூப்பிட்டார். டம்ளரை மேஜை மேல் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"இட்லிப்பூ குடிக்கிற தண்ணி சார். ஃபில்டர் வேஸ்டு."

அவர் கெட்டிக்காரர். டம்ளரைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தன் போர்டைப் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சரிம்மா. பைப்பை மாத்திடச் சொல்றேன். ரெண்டு நாள்ல கமிட்டி. செத்ததை எடுத்துட்டு நர்சரிச் செடி வெச்சு நிரப்பிடு. இதை வெளிய பேச வேணாம்."

"செல்வி, சார்?"

"அது வேற மேட்டரு."

"இதே மேட்டருதான் சார்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஸ்ட்ரெச்சு செல்வியோடது சார். எந்தச் செடிய எடுக்கணும், எத விடணும்னு அவளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது" என்றேன். பொய்தான். ரெண்டு நாளில் கமிட்டி வருகிறது என்ற ஒரே பிடி என் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

போர்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "கூப்ட்டுக்கோ. ஆனா அந்த நாள்ல முன்வாசல் வேணாம், புரியுதில்ல?" என்றார். உப்பு என்று தெரிந்த பிறகும் சொல்கிறார், படித்தவர்.

அன்று சாயங்காலமே ஸ்கெலட்டனில் செல்வி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே தீபா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வா யக்கா. செடிங்க பொழச்சுகிச்சா?" என்றாள் செல்வி. முதல் வார்த்தையே அதுதான்.

"இல்லடி. உப்புத் தண்ணி. ஃபில்டர் வேஸ்ட திருப்பி உட்டுகீறாங்க. உன் மேல தப்பு இல்ல."

"என் மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அதச் சொல்லவா வந்த?"

"சாரு உன்ன வரச் சொல்லிட்டாரு."

"யாரு முன்னாடி சொன்னாரு?"

"என்கிட்டதான்."

"வாணாம்னு சொல்றப்ப போர்ட்டிகோ நெறைய ஆளு. டிரைவரு, வாட்ச்மேனு, கிளார்க்கு. வான்னு சொல்றதுக்கு மட்டும் கதவ சாத்திகினாரா?" கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "அவர உடு. நீ சொன்னதும் அங்கதான யக்கா? இப்ப என் வூட்டு வாசல்ல வந்து குசுகுசுன்னு சொல்ற. அங்க நின்னு சொல்லு. நான் தப்பா சொல்லிட்டேன், செடி செத்தது உப்புலன்னு, எல்லார் காதுலயும் உழுற மாதிரி சொல்லு. அப்பால இவ தல நிமிந்து காலேஜுக்குப் போவா. நானும் வேலைக்கு வரேன்."

"சொல்றேன்டி" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சொல்வதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் காலை போர்ட்டிகோவில் எல்லாரும் நின்றார்கள். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "செல்வி மேல தப்பு இல்ல" என்றேன். பக்கத்தில் நின்றவளுக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னா யக்கா?" என்றாள். டிரைவர் ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல" என்றேன். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

செல்வி வரவில்லை. பிளம்பர் பைப்பை மாற்றினார். நல்ல தண்ணீர் தேங்கத் தேங்க விட்டு, வடிய விட்டு, மறுபடி விட்டு மண்ணைக் கழுவினேன். பிழைத்தது கொஞ்சம், போனது நிறைய. கமிட்டி வந்தது, போர்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனது. தீபாவுக்கு அந்த வருஷம் வீணாயிற்று. அடுத்த வருஷம் பங்காருப்பேட்டையில் வேறு காலேஜில் சேர்ந்தாள், படித்து முடித்தாள். செல்வி பேத்தமங்களா ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பஜாரில் எதிரே வந்தால் "நல்லா கீறியா யக்கா" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

அதற்கப்புறம் நான் வேலையில் இருந்தவரைக்கும் யாரையும் பாத்தியிலிருந்து நகர்த்தவில்லை. துடைப்பம் எல்லாருக்கும் முறை வைத்துப் போனது. ஆனால் ஏன் மாற்றினேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஏற்பாட்டை எடுத்துவிட்டேன், வார்த்தை மட்டும் உங்கள் வாயில் தங்கிவிட்டது. போன வாரம் அந்தச் சின்னப் பொண்ணு மேல் விழுந்தது அதுதான். அவள் ஹோஸைப் போட்டுவிட்டுப் போனதற்கு நீங்கள் பாதி காரணம், நான் பாதி.

இனி செடி தொங்கினால் ஆளைப் பார்க்காதீர்கள். காலையில் வந்து பாருங்கள். ஒரு கிளையா, முழுச் செடியா, வரிசையா என்று பாருங்கள். மண்ணைப் பிழியுங்கள், தோண்டுங்கள், வேரை முகருங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பைப்போடு நடந்து போங்கள். இதெல்லாம் செய்தும் தெரியவில்லை என்றால் "தெரியல சார்" என்று சொல்லுங்கள். அந்த ரெண்டு வார்த்தை அன்றைக்கு என் வாயில் வந்திருந்தால் போதும்.

மாலதிக்கு ஒரு வேலை. இதை ஷெட்டுக்குள் பொம்பளைகள் மட்டும் இருக்கும்போது படிக்காதே. காலையில் போர்ட்டிகோவில், டிரைவர்கள், வாட்ச்மேன், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் நிற்கும்போது, தொண்டை உள்ள யாரையாவது விட்டுப் படிக்கச் சொல். நானும் வந்து நிற்கிறேன்.

அதற்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போய் செல்வியிடம் படித்துக் காட்டு. அவள் பெயரும் தீபா பெயரும் இருக்கலாமா என்று கேள், வேண்டாம் என்றால் எடுத்துவிடு. பைப்பைத் திருப்பியது தசராவுக்கு முன்பா பின்பா, நான் அவள் வீட்டுக்குப் போனது அதே சாயங்காலமா மறுநாளா, எனக்கு நிச்சயம் இல்லை. அவளுக்கு நினைவிருக்கும், சரிபார்த்துவிடு. முக்கியமாக ஒன்று. போர்ட்டிகோவில் அவளைப் பற்றி நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் ஞாபகம். அதற்கு மேல் ஏதாவது சொன்னேனா என்று அவளைக் கேள். சொன்னேன் என்றால், அவள் சொல்கிறபடியே அதையும் இதில் சேர்த்துவிடு.